காரின் கண்ணில் நீங்கள் படுவீர்களா?

சென்ற சித்திரை விடுமுறையில் என் சித்தப்பா மகன் தான் புதிதாக வாங்கிய மின்சாரக் காரை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து எங்கள் ஊரான ராயகிரிக்கு வந்தான். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டவன் மாலை நான்கு மணிக்குள் வந்திருக்க வேண்டும். வந்து இறங்கியபோது இரவு ஏழே கால். முகம் வெளிறியிருந்தது. சித்தி கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல், “அண்ணே, உங்க கிட்ட கொஞ்சம் பௌதிகம் கேக்கணும்” என்றான். பள்ளியில் படித்த காலத்தில் என்னைக் கண்டாலே ஓடி ஒளிந்தவன் அவன்.

அவனுடைய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் பத்தாம் வகுப்புப் பாடநூலே விடை சொல்லிவிடும். ஆனால் கடைசிக் கேள்வி அப்படிப்பட்டதன்று. அது காரில் போகிறவனைவிடச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் உங்களைப் பற்றியது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

முதலில் தூரக் கணக்கு. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, திருமங்கலம், இராசபாளையம் வழியாக எங்கள் ஊர் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். அவன் காரின் மின்கல அடுக்கு 45 யூனிட் கொள்ளும். ஒரு யூனிட் என்பது உங்கள் வீட்டு மின் அட்டையில் எழுதுகிறார்களே, அதே கிலோவாட் மணிதான். ஒருமுறை நிரப்பினால் 450 கிலோமீட்டர் ஓடும் என்று விற்றவர்கள் சொன்னார்களாம். பெரம்பலூர் 270 கிலோமீட்டர்தானே, அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொண்டே மின்னேற்றலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். உளுந்தூர்பேட்டையைத் தாண்டுவதற்குள்ளேயே கார் எச்சரிக்கத் தொடங்கிவிட்டது.

விற்றவர்கள் பொய் சொன்னார்களா? முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த 450 சோதனைக் கூடத்தில் உருளைகளின்மேல் காரை நிறுத்தி, பெரும்பகுதி மெதுவாக ஓட்டி அளந்த எண். நம் ஆள் நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பறந்திருக்கிறான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் தடையை 1 என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 1.56 ஆகிவிடும். டயரின் உருளல் தடை மட்டும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். இரண்டையும் கூட்டி, குளிர்சாதனத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தேன். அவனுடைய கார் போன்ற ஒன்றுக்கு 80இல் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 145 வாட் மணியும், 100இல் சுமார் 183 வாட் மணியும் ஆகின்றன. முன்னதில் 310 கிலோமீட்டர் போகலாம். பின்னதில் 246தான். பெரம்பலூர் எங்கே, 246 எங்கே! ஐந்தாறு கிலோமீட்டராவது கையிருப்பு வேண்டாமா?

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்றை அறியாதவர் இல்லை. குற்றாலச் சாரலைக் கொண்டு வருவதும் அதுதான். அந்தக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசும்போது நீங்கள் 60இல் தென்காசிப் பக்கம் போகிறீர்கள் என்று வையுங்கள். காற்றைப் பொறுத்தவரை உங்கள் வேகம் 90. தடை 2.25 மடங்கு! இந்தச் சாலையில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவன் தொடைகளுக்கே தெரியும்.

“பெட்ரோல் என்றால் ஐந்து நிமிஷம். இதில் ஏன் இத்தனை நேரம்?” என்பது அடுத்த கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். ஆகவே அவனுடைய அவ்வளவு பெரிய, பல நூறு கிலோ எடையுள்ள மின்கல அடுக்கில் அடங்கியிருப்பது ஐந்தே லிட்டர் பெட்ரோலின் ஆற்றல்தான். அந்த ஐந்து லிட்டருக்கு இணையானதைக் கொண்டு 300 கிலோமீட்டர் போவதே மின்மோட்டாரின் பெருமை. பெட்ரோல் எஞ்சின் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்கிவிடும். ஆனால் நிரப்பும் வேகத்தில் பெட்ரோலை வெல்ல முடியாது. நிமிடத்துக்கு 30 லிட்டர் ஊற்றும் பெட்ரோல் குழாயை மின்சாரக் கணக்கில் பார்த்தால் அது 16,000 கிலோவாட்டுக்கும் மேல். கயத்தாறு பக்கம் நிற்கிறதைப் போன்ற காற்றாலைகளில், 2 மெகாவாட் திறனுடைய எட்டு முழு வேகத்தில் சுழன்றால் கிடைக்கும் திறன் அது! நெடுஞ்சாலையில் காணும் விரைவு மின்னேற்றி ஒன்று 50 அல்லது 60 கிலோவாட் தரும். வேறுபாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 50 கிலோவாட்டும் கடைசிவரை ஓடாது. எண்பது விழுக்காடு நிரம்பியபின் நத்தை வேகந்தான். “மிஷின் கோளாறு” என்று தம்பி சண்டைக்கே போய்விட்டானாம். கோளாறு இல்லை. ஆடித்தபசு அன்று சங்கரன்கோவிலுக்குப் போகும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். முதலில் ஏறுகிறவர்கள் காலி இருக்கை பார்த்துச் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். பேருந்து நிரம்ப நிரம்ப, ஒவ்வொருவரும் நெருக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நடத்துநர் அவசரப்படுத்தினால் என்ன ஆகும்? ஆட்கள் படிக்கட்டில் தொங்குவார்கள். மின்கலத்தினுள் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே இடம்பிடிப்பதும் இப்படித்தான். அவசரப்படுத்தினால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். மின்கலத்தின் ஆயுள் குறையும். சமயத்தில் உள்ளுக்குள் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீயும் பிடிக்கலாம். ஆகையால் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. நீண்ட பயணத்தில் எண்பதோடு எழுந்து போவதே கெட்டிக்காரத்தனம்.

வழியில் ஓரிடத்தில் மின்னேற்றிப் பெட்டி நின்றது, ஆனால் உயிர் இல்லையாம். இன்னோரிடத்தில் முன்னால் இரண்டு கார்கள். நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு மின்னேற்று நிலையமாவது இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் சொல்லியிருந்தது. நல்லது. ஆனால் நிற்கிற பெட்டிகளை எண்ணுவதில் பொருளில்லை, வேலை செய்கிற பெட்டிகளை எண்ண வேண்டும் என்பது என் கட்சி. மேலும் ராயகிரி போன்ற பேரூர்களுக்கு விரைவு மின்னேற்றியைவிட ஒழுங்கான எர்த் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டுகளே முதல் தேவை. வந்தவர் எப்படியும் இரவு தங்கத்தான் போகிறார். 3 கிலோவாட் வீதம் ஆறு மணி நேரம் என்றால் 18 யூனிட். 120 கிலோமீட்டருக்குப் போதும்.

“ஒழுங்கான எர்த்” என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? அன்றிரவு நடந்ததைக் கேளுங்கள். சித்தப்பா வீட்டுச் சாக்கெட்டில் காரின் கம்பியைச் செருகியதும் அதன் நடுவிலிருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்னேற்றம் தொடங்கவில்லை. ஒயர்மேனை அழைத்தோம். அனுபவசாலி, பார்த்தவுடனே, “எர்த் இல்ல சார். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ள சேத்துட்டா பச்சை எரிஞ்சிடும், ரெண்டு நிமிஷ வேலை” என்றார். பச்சை எரியும் என்பது உண்மைதான். நான் விடவில்லை. காரின் உலோக உடல் எர்த் கம்பியோடு இணைந்திருக்கிறது. எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துவிட்டபின், வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி எங்கோ ஒரு கம்பத்தில் அறுந்து போனால், 230 வோல்ட் மின்னழுத்தம் காரின் உடலுக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் காரைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுவது யார்? வெறுங்காலோடு இருக்கும் வீட்டுக் குழந்தைகள்!

மறுநாள் காலையில் கொல்லைப்புறத்து எர்த் குழியைத் திறந்து பார்த்தால், கரியும் உப்பும் எலும்பாய்க் காய்ந்து கிடந்தன. சித்திரை வெயிலில் கரிசல் மண் வெடித்துவிடும். ஈரம் இல்லாத மண் மின்சாரத்தைக் கடத்தாது. நான்கு குடம் தண்ணீர் ஊற்றி, மண்ணுக்குள் கம்பி இணைந்திருந்த இடத்தையும் சுரண்டி முறுக்கிய பிறகு பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் வீட்டு எர்த் குழி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? மின்சாரக் கார் இல்லாவிட்டாலும் கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும் இருக்கின்றன அல்லவா?

இனி அவன் முகம் வெளிறியிருந்த காரணத்துக்கு வருகிறேன். இராசபாளையம் தாண்டிச் சிவகிரியை நோக்கி வரும்போது நன்றாக இருட்டத் தொடங்கிவிட்டது. காரில் “ஓட்டுநர் உதவி” என்ற ஏற்பாடு உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காமிரா, முன்பக்கம் ஒரு ராடார். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்கும், கூட்டும். சாலைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை மெல்ல இழுத்துவிடும். காலையிலிருந்து இதை நம்பியே வந்திருக்கிறான். திடீரென்று எதிரே, இருட்டில், சைக்கிளில் ஒரு சிறுவன். பின்னால் அகலமாகப் புல்லுக்கட்டு. விளக்கு இல்லை. தம்பி வலப்புறம் ஒடித்தான். சைகை விளக்குப் போட நேரமேது? சைகை இல்லாமல் கோட்டைத் தாண்டுகிறான் என்று நினைத்த கார், ஸ்டியரிங்கைத் திருப்பி இடப்புறமே இழுத்தது! பலங்கொண்டு திருப்பிப் பிரேக்கையும் மிதித்துவிட்டான். புல்லுக்கட்டின் நுனி கார்க் கண்ணாடியை உரசியது. சிறுவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

“கார் ஏண்ணே அவனைப் பாக்கல?”

பார்த்திருக்கலாம், என்னவென்று புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம். இவ்வகை ராடார் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். திரும்பி வரும் அலையின் டாப்ளர் மாற்றத்தைக் கொண்டு பொருளின் வேகத்தை அறிகிறது. லாரியின் இரும்பு அலையை நன்றாகத் திருப்பி அனுப்பும். மனித உடலும் ஆடும் மிகக் குறைவாகவே அனுப்பும். நின்றுகொண்டிருக்கும் பொருள்களிலிருந்து வரும் எதிரொலியைப் பல கருவிகள் ஒதுக்கியும் விடுகின்றன. இல்லாவிட்டால் ஒவ்வொரு பாலத்துக்கும் பலகைக்கும் பிரேக் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். காமிராவோ, தனக்குக் காட்டிப் பழக்கிய உருவங்களையே அறியும். புல்லுக்கட்டு சுமந்த சைக்கிளின் எத்தனை படங்களை அதற்குக் காட்டியிருப்பார்கள்?

இது வெறும் சந்தேகமன்று. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனைக்காகத் தானே ஓடவிட்ட கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர்மேல் மோதி, அவர் உயிரிழந்தார். அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் ஒருகணம் வாகனம் என்றும், ஒருகணம் வேறு ஏதோ என்றும், பிறகு சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி முடிவு செய்துகொண்டிருந்தது. கடவைக் கோடு இல்லாத இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதையே அதை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கண்காணிக்க வேண்டியவரோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் சாலைகளில் கடவைக் கோட்டில் கடப்பவர் யார், சொல்லுங்கள்!

தம்பியின் காரில் இருப்பது அந்த அளவுக்குத் தானே ஓடும் ஏற்பாடும் அன்று. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 0 முதல் 5 வரை வகுத்த படிகளில் அது இரண்டாம் படி. இரண்டாம் படியில் ஓட்டுநர் மனிதரே. கருவி கைவேலைக்காரன் மட்டுமே. 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் 44 மீட்டர் குருடாகப் போகிறீர்கள்.

இத்தகைய காரை விற்குமுன் யாரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும்? ஐரோப்பாவின் கார் மதிப்பீட்டு அமைப்பு, தானே பிரேக் போடும் கருவியைப் பாதசாரிகளுக்காக 2016 முதலும் சைக்கிளில் செல்வோருக்காக 2018 முதலும் சோதித்து மதிப்பெண் இடுகிறது. நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் மதிப்பீட்டின் முதல் விதிகள், மோதினால் காருக்குள் இருப்பவர் பிழைப்பாரா என்பதையே பெரிதும் அளந்தன. உள்ளே இருப்பவர் காசு கொடுத்து வாங்கியவர். அவர் கேள்வி கேட்பார். வெளியே புல்லுக்கட்டோடு போகிறவனுக்காகக் கேட்பது யார்? சாலையில் காயப்போட்ட மக்காச்சோளம், அந்தி நேரத்து ஆட்டு மந்தை, பின்விளக்கு இல்லாத டிராக்டர், சிவப்பு எதிரொளிப்பான்கூட இல்லாத சைக்கிள் ஆகிய எல்லாவற்றையும் வைத்துத் தேர்வு நடத்தி, தேறாத கருவியைத் “தோற்றது” என்று வெளிப்படையாக எழுத வேண்டும். உங்களில் சிலர் இன்னும் பத்து ஆண்டுகளில் இந்தக் கருவிகளுக்குப் பாடம் கற்பிக்கும் பொறியாளர்களாக இருப்பீர்கள். அப்போது இராசபாளையம் சாலையின் படங்களையும் காட்டுங்கள்.

தம்பி நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பினான். இம்முறை 80ஐத் தாண்டவில்லை. முதல் நிறுத்தம் திருச்சியில், அடுக்கில் இன்னும் 22 விழுக்காடு மிச்சம் இருந்ததாம். கோட்டைக் காக்கும் உதவியை ஊரிலேயே அணைத்துவிட்டு, திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறிய பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்தினானாம்.