விபத்து நேர்ந்த நாளிலிருந்து

அடிபட்ட தொழிலாளியிடம் முதலாளி தரப்பு சொல்லும் மறுமொழிகள் மிகச் சில. அவன் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள். கவனமில்லாமல் வேலை செய்தது அவன்தான். ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தான். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டானே. இயந்திரங்கள் மாறின, ஆட்சிகள் மாறின; இந்த நான்கும் மட்டும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வாய் மாறி வாய் வந்துகொண்டிருக்கின்றன. 1837இல் இங்கிலாந்தில், ஒரு கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்த இளைஞனுக்கு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி சரிந்து தொடை எலும்பு முறிந்த வழக்கில், நூறு பவுண்டு தரச் சொன்ன ஜூரியின் முடிவு மேலே ரத்தாயிற்று. ஆபத்தான வேலை என்றால் மறுத்திருக்கலாமே என்றார் நீதிபதி அபிங்கர் பிரபு. மறுத்திருந்தால் அந்த இளைஞனின் அடுத்த வேளைச் சோறு என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் எழவே இல்லை. அந்த ஒரு வழக்கை வேராகக் கொண்டு, சக தொழிலாளியின் தவறால் நேரும் காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்ற கோட்பாடு வளர்ந்தது. ரயில் பாதைகளும் சுரங்கங்களும் நூற்பாலைகளும் மனித உடலை வேகமாகத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

1880இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஓரளவு மனமிரங்கி ஒரு சட்டம் செய்தது. இரண்டே ஆண்டுகளில், டட்லி பிரபுவின் நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்த ஒருவரின் மனைவி வழக்காட வந்தபோது, அந்தச் சட்டம் தந்த இழப்பீட்டு உரிமையை உன் கணவன் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. பசித்தவனின் கையெழுத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் அப்படிச் சட்டத்தின் அங்கீகாரத்தையும் பெற்றது. யார் தவறு என்று தேடாமலே காயத்துக்கு ஈடு தர வேண்டும் என்ற எண்ணம் 1884இல் ஜெர்மனியிலும் 1897இல் பிரிட்டனிலும் சட்டமாகி, கடல் கடந்து இங்கு வந்து சேர்ந்தபோது 1923 ஆகிவிட்டது.

அந்த ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைப் பொறுமையாகப் படிப்பவருக்கு, அது தந்திரங்களின் வரலாறாகவே தெரியும். காண்ட்ராக்டரின் ஆளுக்கும் தலைமை முதலாளியே பொறுப்பு என்கிறது 12ஆம் பிரிவு; காண்ட்ராக்டரைக் கைகாட்டித் தப்பியவர்கள் அதற்கு முன் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்! உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 17ஆம் பிரிவு. டட்லி சுரங்கத்து விதவைக்கு அது நாற்பது ஆண்டு தாமதமாகச் சொல்லப்பட்ட பதில். உயிரிழப்புக்கான தொகையைக் குடும்பத்திடம் நேரில் கொடுத்தால் கணக்கில் வராது, நஷ்டஈட்டு ஆணையரிடமே கட்ட வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. பிணம் வீட்டைவிட்டுப் போவதற்குள் சொற்பத் தொகையைத் திணித்து விரல்ரேகை வாங்குவோரை அறிந்தவர்கள்தான் இதை எழுதியிருக்க முடியும்.

ஆனாலும் அந்தப் பழைய வாதங்கள் சாகவில்லை. 1968 ஜூலையில், ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்து ஜெய்ப்பூரில், ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்தார். இடக்கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. அவரே நேரில் போய்க் கேட்டும் கொட்டகை உரிமையாளர் செவிசாய்க்கவில்லை. வழக்கு வந்ததும், தச்சர் தற்காலிக ஒப்பந்தக்காரர், விபத்துக்கு அவரது கவனக்குறைவே காரணம் என்றார். ஏழாண்டுக்கும் மேலாக இழுத்து வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. அவை பொய் வாதங்கள் என்று கண்டித்த நால்வர் அமர்வு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது, ஆகவே இழப்பு முழுமையானது என்றது. இழப்பீடு ஆணையர் உத்தரவிடும் நாளில் அல்ல, காயம் பட்ட அன்றே கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி என்று பிற்காலத்தில் ஆனது. தக்க காரணமில்லாத தாமதத்துக்குப் பாதித் தொகை வரை அபராதம். காலத்தைக் கடத்துவதும் களவுதான் என்று சட்டம் கண்டுகொண்ட இடம் அது. என் மனத்தில் இந்த நெடுங்கதையின் உச்சம் அந்தத் தச்சரின் வழக்கே.

நமக்கு வந்து சேர்ந்த சொத்து இது. முதலாளிக்கு விபத்து வேறு வழியில் தெரிந்திருந்தாலே போதும், நோட்டீஸ் தரவில்லை என்று மனுவைத் தள்ள முடியாது. மனுச் செய்ய 1923இன் சட்டம் இரண்டாண்டு அவகாசம் தந்தது. வேலையில் சேர்க்கும்போதே இந்த உரிமையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்ற பிரிவோ 2017இல்தான் சேர்ந்தது. அறியாமையை நம்பியே எத்தனை இழப்பீடுகள் கொடுபடாமல் போயிருக்கும் என்பதற்கு அந்த 94 ஆண்டு இடைவெளியே சாட்சி. இத்தனை இருந்தும், விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் உரிமம் ஒருவர் பெயரிலும் உள்குத்தகை இன்னொருவர் கையிலும் இருக்க, வெடித்த பிறகு பொறுப்பாளியைத் தேட வேண்டிய நிலை இன்னும் வருகிறது.

செயலி சொல்லும் வீட்டுக்கு உணவு கொண்டுபோகும் இளைஞர்களை 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறது. ஆனால், மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றே அவர்களை வரையறுக்கிறது. எங்கள் ஆள் இல்லை என்ற வாதத்தை இதுவரை முதலாளிகள் நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த இளைஞர்கள் விஷயத்தில் அதைச் சட்டமே தன் வாயால் சொல்லிவிட்டது.