கைக்குழந்தையுடன் பயணம்: காரா, பேருந்தா?



சென்ற ஷவ்வால் மாதம் திருவல்லிக்கேணியில் நடைபெற்ற உறவினர் நிக்காஹ் ஒன்றுக்கு வேலப்பன்சாவடியிலிருந்து குடும்பத்துடன் புறப்பட்டோம். “பஸ்ஸிலேயே போய்விடலாம் அண்ணா, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார வேண்டாம்” என்றாள் ஏழு மாதக் குழந்தையின் தாயான தங்கை. நிக்காஹ் மண்டபத்திற்குப் பேருந்தில் போய் இறங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதே நம் கவலையாக இருந்தது. நண்பர் ஒருவரின் காரை இரவல் வாங்கினோம், ஓட்டியதும் நாமே. பின்னிருக்கையில் பெரியவர்கள் நால்வர். தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்தாள். பயண துஆவை அனைவரும் ஓதினோம். மதுரவாயலை நெருங்கும்போது முன்னே சென்ற லாரி திடீரென நின்றது. பிரேக்கை அழுத்தினோம். தாயின் கைகளிலிருந்து நழுவிய குழந்தையின் நெற்றி டேஷ்போர்டில் மோதியது.

அல்ஹம்துலில்லாஹ், வீக்கத்தோடு போயிற்று. ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டாமலே அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பின்னர் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நாம் நடத்தும் பாடம் இது. துஆவை ஓதிய நாம், குழந்தையைக் கட்டவில்லை.

காரில் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் தாயின் மடி என்றே நம்மில் பலர் நம்புகிறோம். அது தவறு. வாகனம் திடீரென நிற்கும்போது குழந்தை பல மடங்கு எடையோடு முன்னே வீசப்படுகிறது. எந்தத் தாயின் கரங்களாலும் அதைத் தாங்க இயலாது. சைல்டு சீட் எனக் கடைகளில் விற்கப்படும் குழந்தை இருக்கையைப் பின்னிருக்கையில் பொருத்திப் பயன்படுத்தினால், விபத்தில் கைக்குழந்தைகளின் உயிரிழப்பு ஏறத்தாழ 70 சதவீதம் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் செல்லும் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம். இரவல் காரிலும் வாடகைக் காரிலும் இந்த இருக்கையை யார் கண்டார்கள்?

இருசக்கர வாகனத்தின் நிலை இன்னும் மோசம். 2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பேருந்துப் பயணிகளின் பங்கு மிகச் சிறியது. அத்தா ஓட்ட, அம்மா பின்னால் அமர, இடையில் கைக்குழந்தையோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே விரையும் குடும்பங்களை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

ஆகவே, குழந்தை இருக்கை இல்லாத குடும்பம் நகருக்குள் சென்றுவர வேண்டுமாயின் பேருந்தும் மெட்ரோவுமே மேல் என்பது நம் கருத்து. வேலப்பன்சாவடியில் பேருந்து ஏறிக் கோயம்பேட்டில் இறங்கினால், அங்கிருந்து எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நேரடி மெட்ரோ இருக்கிறது. சென்ட்ரலில் மாறினால் அரசினர் தோட்டம் நிலையம். திருவல்லிக்கேணி அங்கிருந்து பக்கம். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் கட்டணமில்லை என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது.

“நெரிசலில் பச்சைப் பிள்ளையோடு நிற்பதா? பால் கொடுக்க மறைவிடம் எங்கே?” என்று சகோதரிகள் கேட்பது நியாயமே. இந்த விஷயத்தில் காருக்குள்ள வசதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் காலை நெரிசல் அடங்கிய பின் புறப்பட்டு, மாலை நெரிசலுக்கு முன் திரும்புவது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. பாலூட்டும் தாய்மார்களுக்கென 2015 முதல் பேருந்து நிலையங்களில் தனி அறைகள் திறக்கப்பட்டன, கேட்டுப் பயன்படுத்துங்கள். இது கஸ்ருக்குரிய தூரம் அன்று என்பதால் லுஹரை எங்கே தொழுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வழியிலுள்ள பள்ளிவாசல் நிர்வாகங்கள், குழந்தையோடு வரும் தாய்மார்கள் ஒளூச் செய்து தொழ ஒரு சிற்றறையை ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும்.

கார் மலிந்த நாடுகளிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் போன்ற பழைய நகரங்களின் மையப்பகுதிக்குள் அனுமதியற்ற கார்கள் நுழைந்தால் கேமராவில் பதிவாகி அபராதம் வரும்; சுற்றுலா செல்லும் குடும்பங்களும் ரயிலையும் கால்நடையையும் நம்ப வேண்டியதுதான். பூட்டிய காரில் மறந்து விடப்பட்டுக் குழந்தைகள் இறந்ததால், நான்கு வயதுக்குட்பட்டோரின் இருக்கையில் எச்சரிக்கைக் கருவி பொருத்த வேண்டுமென அந்நாடு 2018-இல் சட்டமே இயற்றியது. கார் வைத்திருப்பவருக்கும் கவனம் தனியாக வேண்டியிருக்கிறது.

கார் ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் காரோ ஆட்டோவோ எது கிடைக்கிறதோ அதில்தான் விரைய வேண்டும். சொந்தக் கார் உள்ளவர்கள், அதன் அலங்காரத்திற்குச் செலவிடும் முன் குழந்தை இருக்கையை வாங்குங்கள். பேருந்தில் செல்லும் ஆண்களே, குழந்தையையும் பையையும் நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். பேத்தி உமாமாவைத் தொழுகையிலும் தோளில் சுமந்த நபியின் (ஸல்) உம்மத்தினர் நாம். கைக்குழந்தையோடு ஒரு தாய் ஏறினால், அவர் எந்தச் சமயத்தவராயினும், எழுந்து இடம் கொடுங்கள்.

பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களை வேகமாக ஓட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், மென்மையாக ஓட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வாகனம் எதுவாயினும் அதில் இருக்கும் பலவீனரைப் பார்த்தே அதைச் செலுத்த வேண்டும் என்பதை அதிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம். அன்று தங்கையின் சொல்லைக் கேட்டிருந்தால் குழந்தைக்கு அந்த அடி பட்டிருக்காது. அடுத்த பயணத்தை முடிவு செய்யும் முன், குழந்தையைச் சுமக்கப் போகும் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை எல்லாப் பயணங்களிலும் பாதுகாப்பானாக! ஆமீன்.