இரக்கத்துக்கு என்ன புள்ளி?

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை மேஜை ஆட்டமாக மாற்றியவர்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். பையன்கள் பகடை உருட்டுகிற சமாச்சாரத்துக்கு இலக்கியப் பத்திரிகையில் பக்கம் எதற்கு என்பது அவர் கேள்வி. ஒரு நாவலைப் படிப்பது என்றால் என்ன என்று நமக்குள் தீராமல் கிடக்கும் சண்டை அந்த மேஜையில் வெட்டவெளிச்சமாக நடக்கிறது. அதனால்தான்.

ஆட்டம் இவ்வளவுதான். நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் சூழலைச் சொல்லும் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவைத் திறக்கிறேன், ஓடுகிறேன், வாளை உருவுகிறேன் என்கிறார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடையும் விதிப்புத்தகமும் சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு வழிபோட்டது. போர் விளையாட்டிலிருந்து பிறந்தது அது. ஒருவன் எவ்வளவு அடிப்பான், எவ்வளவு அடி தாங்குவான் என்ற கணக்கும் அங்கிருந்தே கூட வந்தது.

1984இல் அமெரிக்காவின் அயர்ன் கிரௌன் நிறுவனம் 'மிடில்-எர்த் ரோல் பிளேயிங்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. முறையாக உரிமம் வாங்கிச் செய்த காரியம். 1999 வரை உரிமம் அவர்களிடம் இருந்தது. உழைப்பைக் குறைசொல்ல முடியாது. நாவலில் வரும் போருக்கு ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷம் முந்திய காலத்தை எடுத்துக்கொண்டு, டோல்கீன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப்போன இடங்களையெல்லாம் எழுதி நிரப்பினார்கள். வரைபடங்கள் அழகானவை. ஆனால் விதிகள், அவர்களிடம் ஏற்கனவே இருந்த 'ரோல்மாஸ்டர்' என்ற ஆட்டத்தின் சுருக்கம். வேறு எவனுக்கோ தைத்த சட்டையை டோல்கீனுக்கு மாட்டினார்கள். எந்த அடி எந்த எலும்பை எப்படி முறிக்கும் என்று அட்டவணைகள். மந்திரவாதி என்பது ஒரு தொழில்; படிப்படியாகக் கற்றுத் தேறலாம். நாவலில் காண்டால்ஃப் மந்திரம் செய்கிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1986இல் வந்த துணைப் புத்தகமொன்றில் அவரும் படிநிலை எண்ணோடு அட்டவணையில் ஏறிவிட்டார்.

நாவலில் மோதிரத்தை அழித்தது யார்? ஃப்ரோடோ அல்ல. எரிமலையின் விளிம்பில் அவன் தோற்றுப்போகிறான். மோதிரம் எனக்கே என்று போட்டுக்கொள்கிறான். அவன் விரலைக் கடித்து அதைப் பிடுங்கிய கோல்லம் கால் தவறி விழுந்ததால்தான் மோதிரம் அழிகிறது. அந்தக் கோல்லம் அதுவரை உயிரோடு இருந்தது எப்படி? முதலில் பில்போ கொல்லாமல் விட்டான், பிறகு ஃப்ரோடோ, மலைச்சரிவில் கடைசியாகச் சாம். இந்த மூன்று இரக்கங்களை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது போர்க்கதை. அயர்ன் கிரௌன் விதியில் கொலைக்குப் புள்ளி உண்டு, காயத்துக்கு உண்டு, மந்திரத்துக்கு உண்டு. பயணத்துக்கும் நல்ல யோசனைக்கும்கூட உண்டு. இரக்கத்துக்கென்று தனியாக ஓர் இனம் கிடையாது.

இது எனக்கு வாசித்து மட்டும் தெரிந்த விஷயமல்ல. இதே வழியில் வந்த வேறோர் ஆட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எதிரி ஒருவன் ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கொன்றால் இத்தனை புள்ளி என்று ஒருவர் படித்தார். விட்டால்? புத்தகத்தைப் புரட்டினோம், ஒன்றுமில்லை. கொன்றுவிடலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். டோல்கீனை மூன்று தடவை படித்தவன் நான். விதி என் வாசிப்பை ஒரு நிமிஷத்தில் தின்றுவிட்டது.

விதி என்றாலே இப்படித்தான் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் இருக்கிறது. 1981இல் சாண்டி பீட்டர்சன் லவ்கிராஃப்டின் கதைகளிலிருந்து 'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்தைச் செய்தார். அதில் சித்தத்தெளிவு ஓர் எண். அந்தப் பழைய ரகசியங்களைப் பற்றிய அறிவு ஏற ஏற, தெளிவின் உச்சவரம்பு இறங்கும். லவ்கிராஃப்டைப் பற்றிய ஒரு முழு விமர்சனம் அந்த ஒரு விதியில் இருக்கிறது. 2011இல் பிரான்செஸ்கோ நெபிதெல்லோ 'தி ஒன் ரிங்' ஆட்டத்தில் டோல்கீனை மறுபடி எடுத்தார். அங்கே ஒவ்வொருவனுக்கும் நம்பிக்கை இவ்வளவு, நிழல் இவ்வளவு. கஷ்டகாலத்தில் நம்பிக்கையைச் செலவழித்துத் தப்பலாம். சித்திரவதையும் கொலைபாதகமும் செய்தால் நிழல் ஏறும். நம்பிக்கை நிழலின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் மனம் உடைகிற ஆபத்து. ஆட்டக்காரன் மந்திரவாதியாக முடியாது. கும்பிட்டு நின்ற அந்த மனிதன் இந்த மேஜைக்கு வந்திருந்தால், அவனைக் கொல்வதற்கு நாங்கள் விலை கொடுத்திருக்க வேண்டும்.

நம்பிக்கையை எண்ணாக்குவதும் கணக்குப்பிள்ளை வேலைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தண்டனைக்குப் பயந்து காட்டுகிற இரக்கம், பில்போ இருட்டில் காட்டிய இரக்கம் ஆகாது. அவனுக்கு எந்தப் புத்தகமும் விலை சொல்லவில்லை. அந்த இடம் எந்த விதிக்கும் எட்டாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எதை எண்ணுவது என்று தேர்ந்தெடுத்தவன் நாவலை ஒரு பார்வையோடு படித்திருக்கிறான். எல்லாவற்றையும் எண்ணியவன் படிக்கவேயில்லை, சரக்கு எடுத்திருக்கிறான்.

சிரித்த நண்பருக்குக் கடைசியாக ஒன்று. வட்டார வழக்கு பிசகவில்லை, சடங்குகள் விடுபடவில்லை, ஏர் கலப்பையின் உறுப்புகள் எல்லாம் பெயரோடு வந்திருக்கின்றன என்று ஒரு தமிழ் நாவலைப் பாராட்டிப் போன வருஷம் பத்துப் பக்கம் எழுதினீர்கள். அந்த நாவலில் யார் யாரை மன்னித்தார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. அயர்ன் கிரௌன்காரர்கள் வரைபடமாவது அழகாகப் போட்டார்கள்.