ஒருமுறை பதிவான குரல் யாருக்குச் சொந்தம்?

சென்னை ஆதம்பாக்கத்திலிருந்து மின்சார ரயில் பிடிக்கப் பலரும் போவது பரங்கிமலை நிலையத்துக்குத்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ரயில் நிலையங்களில் கேட்கும் குரல், ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து அவ்வப்போது பேசுவதல்ல. எண்கள், ஊர்ப் பெயர்கள், வாக்கியத் துண்டுகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து, தேவைக்கேற்பக் கணினி கோத்துவிடுகிறது. அவ்வளவுதான்.

செல்போனில் பதில் சொல்லும் குரல் உதவியாளருக்கு இது போதாது. நாம் என்ன கேட்போம் என்று அதற்கு முன்கூட்டியே தெரியாதே! அதனால், ஒரு மொழியின் ஒலிச் சேர்க்கைகள் எல்லாம் வருகிற மாதிரி வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து, குரல் கலைஞரை மணிக்கணக்கில் வாசிக்க வைக்கிறார்கள். அந்தப் பதிவை நுண்ணிய துண்டுகளாக வெட்டி ஒட்டுவது பழைய முறை. இப்போது செயற்கை நுண்ணறிவு, குரலின் தன்மையையே கற்றுக்கொண்டு புதிதாகப் பேசுகிறது. தமிழில் கூடுதல் சிக்கல் உண்டு. கடல், மகன், தங்கம் மூன்றிலும் எழுத்து ஒரே 'க'தான். உச்சரிப்பு வேறு வேறு.

சிக்கல் தொழில்நுட்பத்தோடு முடியவில்லை. அமெரிக்கக் குரல் கலைஞர் சூசன் பென்னட், 2005 ஜூலை மாதம் முழுக்க தினமும் நான்கு மணி நேரம் வாக்கியங்களை வாசித்துக் கொடுத்தார். 2011-ல் ஐபோனில் 'சிரி' வந்தபோது, நண்பர் ஒருவர் சொல்லித்தான் அது தன் குரல் என்றே அவருக்குத் தெரிந்தது. அப்போது ஒரு மாத உழைப்பு தேவைப்பட்டது. 2023-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 'வால்-இ' மென்பொருளுக்கோ மூன்று விநாடிப் பதிவே போதும்.

முறையாகச் செய்ய வழியில்லாமல் இல்லை. 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் பயன்படுத்திய ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக 2024-ல் தெரிவித்தார். அதே ஆண்டு பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுக்க மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பிரபலங்கள் நீதிமன்றம் போகலாம். விளம்பரத்துக்கும் டப்பிங்குக்கும் நாள் கணக்கில் குரல் கொடுப்பவர்கள் எங்கே போவார்கள்? 'பதிவின் எல்லா உரிமையும் எங்களுக்கே' என்ற ஒற்றை வரியில் கையெழுத்து வாங்குவது இனியும் சம்மதம் ஆகாது. எதற்காக, எத்தனை காலம், எவ்வளவு ஊதியம், இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கலாமா, கூடாதா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் தனித்தனியாக இருக்க வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும். பேசியதற்குக் கூலி கொடுத்துவிட்டால், இனிமேல் பேசப்போவதும் சேர்த்து வாங்கியதாகிவிடாது.