சிக்கன உபதேசம் யாருக்கு?

சென்ற சில வருடங்களாக நம் நாட்டுப் பத்திரிகைகளிலும் வானொலியிலும் ஒருவகைப் பிரசங்கம் ஓங்கி ஒலித்து வருகின்றது. குடும்பத்தலைவி தன் வரவு செலவைக் கொப்பியில் எழுதவேண்டும். தேவை எது, ஆசை எது என்று பிரித்தறிய வேண்டும். வரவில் பாதியை அவசியங்களுக்கும், நூற்றுக்கு முப்பதை விருப்பங்களுக்கும் செலவிட்டு, எஞ்சிய இருபதைச் சேமிக்கவேண்டும் என்பது அதன் சாரம். வங்கி விளம்பரங்கள் இதனைக் கூறுகின்றன. மாதாந்தம் இலட்சங்களை ஊதியமாகப் பெறும் ஆலோசகர்கள் இதனைக் கூறுகின்றனர். பாடசாலைப் பரிசளிப்பு விழாத் தலைமையுரைகளிலும் இது தலைகாட்டுகின்றது. துணைக்கு ஔவையாரின் நல்வழியும் அழைக்கப்படுகின்றது. வரவுக்கு மிஞ்சிச் செலவிடுவோன் மானமிழப்பான் என்ற கருத்துடைய செய்யுளை எடுத்தோதி, அத்துடன் பொருளாதார விசாரணையை முடித்துக்கொள்கின்றனர். அச்செய்யுள் கையில் முதல் உள்ளவனுக்குச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் எவரும் நினைவூட்டுவதில்லை.

சிக்கனத்துக்கு நாம் பகைவரல்லர். கள்ளுக்கும் சீதனத்துக்கும் கலியாணப் பந்தல் அலங்காரத்துக்கும் உழைப்பைப் பறிகொடுக்கும் வழக்கத்தை இப்பத்திரிகையின் வாசகர்கள் எவரினும் கடுமையாகக் கண்டித்து வந்தவர்கள். நாம் எதிர்ப்பது பிறிதொன்றை. உழைப்பவன் வறுமைக்குக் காரணம் அவனுடைய செலவுப் பழக்கமே என்று அவனையே நம்பச் செய்யும் அந்தத் தந்திரத்தை நாம் எதிர்க்கின்றோம்.

கணக்கு என்றனர், கணக்கையே பார்ப்போம். 2026 ஜனவரி முதல் இந்நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அத்தகைய ஒரு சம்பளத்தில் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று வாழ்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 1000 ரூபா. ஆளொன்றுக்கு 250 ரூபா. உபதேசியாரின் சூத்திரப்படி இதிற் பாதிதான் அவசியங்களுக்குரியது. ஆகவே 125 ரூபாவுக்குள் ஒரு மனிதப்பிறவி மூன்றுவேளை உண்டு, உடுத்து, வாடகையும் மின்கட்டணமும் செலுத்தி, பஸ் ஏறி, மருந்தும் வாங்கவேண்டும். அப்பால் 75 ரூபாவுக்கு நாள்தோறும் தன் விருப்பங்களைத் தீர்த்துக்கொள்ளவும் அவனுக்கு அனுமதியுண்டு! இச்சூத்திரத்தை வகுத்தவர் சந்தைக்குப் போய் எத்தனை வருடங்களாயினவோ நாமறியோம்.

ஜெர்மனியின் சக்சனி நாட்டிற் புள்ளிவிபர அலுவலகத் தலைவராயிருந்த ஏர்ன்ஸ்ட் எங்கெல் என்பார் (மார்க்சின் தோழரான எங்கெல்ஸ் அல்லர் இவர், வெறும் அரச அதிகாரிதான்) 1857இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். குடும்பம் எவ்வளவுக்கு வறியதோ அவ்வளவுக்கு அதன் வருவாயில் உணவு விழுங்கும் பங்கு பெரிது என்பதே அது. அரிசி விலை ஏறும்போது செல்வன் தன் சேமிப்பைச் சற்றே குறைக்கிறான். ஏழை தன் சோற்றைக் குறைக்கிறான். நூற்றறுபது வருடங்களுக்கு மேலாகப் பொருளியல் மாணவர் எல்லாம் படிக்கும் பாடம் இது. ஆலோசகர்கள் மட்டும் மறந்துவிட்டனர் போலும்.

எமக்குத் தெரிந்த பெண்ணொருத்தி கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கின்றாள். வன்னிக் கிராமத்திலிருந்து வந்தவள். மூவருடன் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கின்றாள். கணக்கெழுதும்படி அவளுக்கு எவரும் உபதேசித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்தே எழுதி வருகின்றாள். அக்கொப்பியை அவள் அனுமதியுடன் நாம் புரட்டிப் பார்த்தோம். 2022 ஏப்ரலுக்குப் பின் அதில் 'மீன்' என்ற சொல் இல்லை. ஜூனில் 'முட்டை' மறைந்தது. 'சீனி' என்பது ஓரிடத்தில் 'சீனி, அடுத்த அறையில் கடன், இரண்டு கரண்டி' என்றாயிற்று. 'தலையிடிக் குளிசை' என்பது முன்னர் மாதம் ஒருமுறை வந்தது. பின்னர் வாரந்தோறும் வருகின்றது. 'அம்மாவுக்கு அனுப்பினது' என்ற வரி மட்டும் எந்த மாதத்திலும் தவறவில்லை. இதில் ஆசை எது, தேவை எது என்று பிரித்துக்காட்ட வல்லார் எவரேனும் இருப்பின் அவர் முன்வரட்டும்.

மலையகத்து லயங்களிலும் இதே கதைதான். கோதுமை மா விலை ஏறியபோது ரொட்டி மெலிந்தது. பின்னர் எண்ணிக்கையிலும் குறைந்தது. ஒரு தேங்காயின் பாலை மூன்றுமுறை பிழிவதும், அரை இறாத்தல் பாணை ஐந்து பேருக்குப் பங்கிடுவதும் எந்த வணிகக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாத கலைகள். பிள்ளைகளுக்கு இட்டபின் தனக்கில்லை என்பதை மறைக்கத் தாய்மார் நோற்கும் 'விரதங்கள்' பஞ்சாங்கத்தில் இல்லாதவை. சிக்கனத்தின் பேராசிரியர்கள் இவர்கள். இவர்களுக்குப் பாடம் நடத்த வருவோர்க்கு வெட்கமில்லை.

விலைகள் எவ்வாறு ஏறின? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய வருடத்தினும் நூற்றுக்கு 69.8 ஏறியிருந்தது, உணவு மட்டும் 94.9. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கடலுக்குப் போகும் மீனவனுக்கும், குப்பிவிளக்கில் படிக்கும் பிள்ளைக்கும் விழுந்த அடி அது. பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆயிற்று, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. கோடீஸ்வரனும் கூலியாளும் ஒரே கடையில் ஒரே வீதத்தில் செலுத்தும் வரி இது. ஆனால் 2020 ஒக்டோபரில் சீனி இறக்குமதிக்கான விசேட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக வீழ்த்தப்பட்டபோது அந்தச் சலுகை கடைப்பலகைக்கு வந்து சேரவில்லை. அது எவருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதைக் கேட்க எந்தச் சிக்கன ஆலோசகரும் துணியவில்லை.

இப்பொழுது பணவீக்கம் தணிந்துவிட்டது, இனியும் முறையிடுவதேன் என்பர் சிலர். பணவீக்கம் தணிவது வேறு, விலை இறங்குவது வேறு. நூறு ரூபாப் பொருள் நூற்றெழுபதுக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டால் பணவீக்கம் பூச்சியம். பொருளின் விலை நூற்றெழுபதே. மாடிப்படியில் ஏறுவதை நிறுத்தியவன் கீழே இறங்கிவிட்டான் என்று சாதிப்பவர்களோடு வாதிடுவதெங்ஙனம்?

இனி, சேமிப்பைப் பற்றிய முக்கிய விடயத்துக்கு வருவோம். தொழிலாளி சேமிப்பதில்லை என்பது பொய். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கப்படுகின்றது. முதலாளி 12 செலுத்தவேண்டும். அந்தப் பன்னிரண்டும் அவனுடைய உழைப்பின் விலையே. எட்டும் பன்னிரண்டும் இருபது! உபதேசியார் கேட்கும் அதே இருபது வீதத்தை நம் தொழிலாளி பல தசாப்தங்களாகச் சேமித்து வந்திருக்கின்றான். அவ்வாறு திரண்ட நிதி மூன்று இலட்சம் கோடி ரூபாவுக்கு மேற்பட்டது. தேயிலை கொய்த கைகளும் தையல் இயந்திரத்தில் இயங்கிய கைகளும் கடைச் சிப்பந்திகளின் கைகளும் சேர்த்த செல்வம் இது. இந்நாட்டில் இதனிலும் பெரிய சேமலாப நிதி வேறில்லை.

அந்தச் சேமிப்புக்கு நேர்ந்ததென்ன? 2022இல் நிதி தன் அங்கத்தவர்க்கு வழங்கிய வட்டி நூற்றுக்கு 9. அவ்வருட முடிவில் விலைகள் நூற்றுக்கு 57.2 ஏறியிருந்தன. வருடத் தொடக்கத்தில் நூறு ரூபாவாக இருந்த சேமிப்பு, வட்டியும் சேர்ந்து நூற்றொன்பது ஆகியும், பழைய விலையில் 69 ரூபாவுக்கான பொருளையே வாங்க வல்லதாயிற்று. ஒரே வருடத்தில் மூன்றிலொரு பங்கு கரைந்தது. திருடன் வந்திருந்தால் பொலிசிலாவது முறையிட்டிருக்கலாம்.

அதுவும் போதவில்லை. 2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில், நிதியின் கையிலிருந்த அரச முறிகளை நீண்டகாலப் புதிய முறிகளாக மாற்றும்படி கூறப்பட்டது. 2025 வரை 12 வீதம், அதன்பின் 9 வீதம் வட்டி. மறுத்தால் நிதியின் வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்றனர். தலையில் துவக்கை வைத்துக்கொண்டு சம்மதம் கேட்பதற்கு இது நிகர். வங்கிகளின் கையிலிருந்த முறிகளுக்கோ இந்த நிர்ப்பந்தமில்லை. வங்கிகள் ஏற்கெனவே வேறு சுமைகளைத் தாங்குகின்றன, அவை சரிந்தால் வைப்பாளர்கள் அழிவர் என்று காரணம் காட்டப்பட்டது. வைப்பாளர் அழியக்கூடாது என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால் நிதிக்குத் தன் ஆயுளையே வைப்பிலிட்ட தொழிலாளி மட்டும் வைப்பாளன் ஆகானோ? ஆகக் குறைந்த 9 வீத வட்டிக்கு உத்தரவாதம் உண்டென்றும் கூறினர். அந்த 9 வீதத்தின் வலிமையை 2022இல் கண்டுவிட்டோம்.

இந்நிதியின் பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி. உடைமையாளரான தொழிலாளருக்கு அந்த மேசையில் ஓர் ஆசனமில்லை. சேமித்தவனைக் கேளாமல் சேமிப்பைக் கையாளும் நாட்டில், மேலும் சேமியுங்கள் என்று ஊரெங்கும் பறைசாற்றுவது எத்தகைய நேர்மை?

சேமிப்புக் கரைந்தவிடத்தில் கடன் முளைக்கும். தோட்டத் தொழிலாளரைக் கடனாற் கட்டிவைத்து, துரைக்குத் துரை கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் கடனாற் பெண்களைக் கட்டிவைக்கும் புதிய துண்டு யுத்தத்தின் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதி என்ற நாமம் பூண்டு வந்தது. வாரந்தோறும் வாசலுக்கு வரும் வசூலிப்போனுக்கு அஞ்சித் தாய்மார் பற்றைக்குள் ஒளிந்தனர். ஒரு கடனை அடைக்க மறுகடன் பட்டனர். தாலிக்கொடி அடகுக்கடையில் மூழ்கியது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இக்கடன்களை நீக்கக் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தனர். வடக்கின் தமிழ்ப்பெண்ணுக்கும் அவர்களுக்கும் ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாதிருக்கலாம். தவணைச்சீட்டு இருவர் வீட்டிலும் ஒன்றுதான்.

இவ்விடத்தில் பழைய வரலாறொன்று நினைவுக்கு வருகின்றது. 1953 ஜூலையில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. வரவு செலவைச் சமப்படுத்த வேறு வழியில்லை என்று அன்றும் சொன்னார்கள். மக்கள் தம் அடுப்பங்கரைக் கணக்கைத் திருத்த உட்காரவில்லை. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நிகழ்ந்தது. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலுக்குச் சென்று கூடவேண்டியதாயிற்று; ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி விலகினார். அந்தப் பயத்தினாலேயே பின்னர் வந்த அரசாங்கங்கள் நெடுங்காலம் கூப்பன் அரிசியில் கைவைக்கத் தயங்கின. 1979இல் அரிசிப் பங்கீட்டை அகற்றி உணவு முத்திரையைக் கொடுத்தபோது தந்திரம் நுட்பமாயிருந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலையாக நின்றது. விலை ஏற ஏற அது தானே தேய்ந்தது. எவரும் எதையும் வெட்டவேண்டியிருக்கவில்லை.

சிக்கனம் என்ற சொல்லுக்கே நம் நாட்டில் வேறொரு சரித்திரமும் உண்டு. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பின் கிராமந்தோறும் தோன்றிய ஐக்கிய நாணய சங்கங்களும், சிக்கன கடனுதவுச் சங்கங்களும் அயலவர் ஒன்றுகூடிச் சதம் சதமாகச் சேர்த்து, வட்டிக்கடைக்காரனின் பிடியிலிருந்து ஒருவரையொருவர் மீட்ட அமைப்புகள். யுத்தகாலப் பஞ்சத்தில் சங்கக்கடை பதுக்கல் வியாபாரிக்கு எதிராக நின்றது. மூளாயில் கூட்டுறவாளர் வைத்தியசாலையே கட்டினர். அங்கே சேமித்தவனுக்குச் சேமிப்பின்மீது வாக்கு இருந்தது; கணக்குப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. பின்னாளில் அரசியல்வாதிகளும் ஊழலும் புகுந்து பல சங்கங்களைக் கெடுத்ததை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அன்று கூட்டத்தின் ஆயுதமாயிருந்த சிக்கனம், இன்று தனிமனிதன் தலையில் சுமத்தப்படும் குற்றப்பத்திரமாகிவிட்டது.

ஆகவே உபதேசியாரிடம் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. அவர் அடுத்த முறை கணக்குக் கொப்பி எழுதச் சொல்லும்போது, சேமலாப நிதியின் கொப்பியையும் திறக்கச் சொல்லட்டும். அதன் முதலீட்டைத் தீர்மானிக்கும் சபையில் தொழிற்சங்கங்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகளை அமர்த்தும்படி கேட்கட்டும். சம்பளத்தில் கழித்த பணத்தை நிதிக்குச் செலுத்தாது வைத்திருக்கும் முதலாளிமாரின் பெயர்களைப் பகிரங்கப்படுத்தும்படி கேட்கட்டும். அரச பெருந்தோட்ட நிறுவனங்களே அப்பட்டியலில் அடங்கும். வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறும்போதெல்லாம் தனியார்துறைச் சம்பளமும் ஏறவேண்டுமெனச் சட்டம் கோரட்டும். அரிசிக்கும் மருந்துக்கும் மேலான வரியை இறக்கி, சொத்தின்மேல் வரி ஏற்றும்படி எழுதட்டும்.

கட்டுநாயக்காப் பெண்ணின் கொப்பியில் இன்னும் சில வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. சென்ற மாதம் அவளும் அறைத்தோழியர் மூவரும் தத்தம் சேமலாப நிதிக் கணக்குகளின் மீதியை அதிற் பிரதிபண்ணி, தொழிற்சாலை எத்தனை மாதம் பணம் கட்டவில்லை என்று எண்ணத் தொடங்கியிருக்கின்றார்கள். இதுவரை பதினொரு மாதம் வந்திருக்கின்றது.