பயணத்துக்கு ஏற்ற கடன் அட்டை எது?

கோடை விடுமுறையோ பண்டிகைக் காலமோ நெருங்கும்போது வங்கிக் கிளைகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: “தூரப் பயணத்துக்கு எந்தக் கடன் அட்டை நல்லது?” கேட்பவர் ஓர் அட்டையின் பெயரை எதிர்பார்க்கிறார். ஆனால் அட்டையின் பெயரைவிட அதன் நாள் கணக்கே முதலில் கவனிக்கத்தக்கது என்பது நம் கருத்து.

2024 நவம்பர் 1 முதல் ரயில் பயணத்துக்கான முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. கடன் அட்டைகள் அளிக்கும் வட்டியில்லாக் காலமோ பொதுவாக 20 முதல் 50 நாள்கள் வரைதான். கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் விவேக் விரைவு ரயிலில், முன்பதிவு தொடங்கும் நாளிலேயே ஒரு குடும்பம் இடம் பிடிப்பதாகக் கொள்வோம். அவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே பயணச்சீட்டுக்கான தொகையைச் செலுத்தியாக வேண்டும். ‘போய் வந்தபின் கட்டிக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

எனவே, அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மாத அறிக்கை தயாராகும் நாள். அதற்கு மறுநாள் சீட்டு வாங்கினால் ஏறத்தாழ 50 நாள் அவகாசம் கிடைக்கும். முந்தைய நாள் வாங்கினால் சுமார் 20 நாளே மிஞ்சும். இந்தக் கணக்குச் சுழற்சியைக் குறைந்தது ஒரு முறையேனும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை ரிசர்வ் வங்கியின் விதிகள் வாடிக்கையாளருக்கு வழங்குகின்றன. சம்பளம் வரும் நாளை ஒட்டி அதனை அமைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வெகுமதிப் புள்ளிகள். 20,000 ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு விழுக்காடு வெகுமதி என்றால் கிடைப்பது 200 ரூபாய். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று 1,000 ரூபாய் மட்டும் செலுத்தி, எஞ்சிய 19,000 ரூபாயை நிலுவையில் விட்டால், மாதம் 3.5 விழுக்காடு வீதத்தில் ஒரு மாத வட்டியே 665 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வேறு. அதோடு முடிவதில்லை: நிலுவை இருக்கும்வரை புதிய செலவுகளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. வழியில் உண்ட உணவுக்கும் தங்கிய அறைக்கும் அன்றிலிருந்தே வட்டி ஏறும்.

முழுத் தொகையையும் தவணை நாளுக்குள் செலுத்தக்கூடியவருக்கே சலுகைகளை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. அடிக்கடி ரயிலில் செல்பவர், இணையவழிச் சீட்டுக்கான பரிவர்த்தனைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அட்டையைத் தேடலாம். விமான நிலைய ஓய்வறை வசதிக்காக உயர்ந்த ஆண்டுக் கட்டணம் செலுத்துவது, ஆண்டுக்கு ஒரு முறை பறப்பவருக்கு இழப்பே. யு.பி.ஐ. செயலியுடன் இணைத்த ரூபே கடன் அட்டை, வழியிலுள்ள சிறு கடைகளிலும் பெரும்பாலும் உதவும். வெளிநாடு செல்பவர் அந்நியச் செலாவணிக்கான கூடுதல் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். பல அட்டைகளில் அது 3.5 விழுக்காடு வரை உண்டு. புதிய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயல்படுத்தினால்தான் அது அங்கு இயங்கும் என்பதையும் மறக்கலாகாது. எந்தப் பயணமாயினும், ரொக்கம் எடுக்கக் கடன் அட்டையை நீட்ட வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி தொடங்குவதோடு தனிக் கட்டணமும் உண்டு. அதற்குப் பற்று அட்டையே உகந்தது.

முழுத் தொகையைச் செலுத்த இயலுமா என்ற ஐயம் உள்ளவர்க்கு நாம் எந்தக் கடன் அட்டையையும் பரிந்துரைக்க மாட்டோம். மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் தொடர் வைப்பில் சேமித்தால், அதே 20,000 ரூபாய் வட்டியோடு கைக்கு வரும். கடன் அட்டைகளை வழங்கும் வங்கித் துறையிலிருந்தே இதனைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் ஊர் திரும்பிய வாடிக்கையாளர் நிலுவையில் சிக்கி வருந்துவது வங்கிக்கும் பெருமை தருவதன்று. அட்டையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதற்குரிய பணம் எந்த நாளில் கையில் இருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருத்தமான அட்டை எதுவென்பது பெரும்பாலும் அதிலேயே தெளிவாகிவிடும்.