தறிக்கூடத்தில் இசை

சென்னிமலை கைத்தறிப் போர்வைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். பல தறிகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் கூடத்தில் வானொலி பாடினால், அது யாருக்காகப் பாடுவது? முதியவர் பக்திப் பாடலை நாடுவார். இளைஞர் திரைப்பாடலை விரும்புவார். வேறொருவர் அமைதியையே வேண்டுவார். நெசவாளரின் இரு கைகளும் தறிக்கு உரியவை. பிடிக்காத பாட்டுக்குச் செவியைப் பொத்திக்கொள்ள மூன்றாவது கை ஏது?

நம் முன்னோரின் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் தொழிலோடு பிறந்தவை. அங்கே பாட்டு வேலைக்குத் துணை நின்றது. 1940 முதல் 1967 வரை ஆலைத் தொழிலாளர்க்கென இசை ஒலிபரப்பிய பி.பி.சி. வானொலி, கைதட்டத் தூண்டும் பாடலொன்றை விலக்கி வைத்தது. கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவர் அன்றோ!

ஆகவே, பாடலைத் தேரும் உரிமை முறைவைத்து எல்லார்க்கும் கிடைக்கவேண்டும். அடுத்த தறியிலிருப்பவர் அழைத்தால் கேட்கும் அளவிலேயே ஒலி இருக்கவேண்டும். அமைதியை விரும்புவோர்க்கும் நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கவேண்டும். பெரும்பாலோர் விரும்புகின்றனர் என்பது மட்டும் போதாது. ஒருவரையும் வருத்தாத இசையே பொது இசையாகும். பல நிற நூல்கள் ஒன்றையொன்று மறைக்காமல் இணையும்போதன்றோ போர்வை அழகு பெறுகிறது!